போர்டு செத்துப்போச்சா? கொஞ்சம் பொறுங்கள்!



நம் லேபில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் எது தெரியுமா? "சார், இந்த போர்டு டெட் சார்!" என்பதுதான். அர்டுயினோவைக் கம்ப்யூட்டரில் செருகுகிறோம், ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை பிடுங்கிச் செருகுகிறோம், அப்பவும் வரவில்லை. உடனே அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அலமாரிக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியில் தள்ளிவிடுகிறோம். இப்படிச் சேர்ந்த போர்டுகள் மொத்தம் ஏழு. ஆனால் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்திருக்கும் குழுக்கள் ஐந்து. ஓடுகிற போர்டுகள் இரண்டே இரண்டு! தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் கருவி செய்திருக்கும் எட்டாம் வகுப்புத் தங்கைகளிடம், "உங்களுக்கு போர்டு இல்லைம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றே சொல்லியாகிவிட்டது. பெட்டி மின்கழிவு வண்டியில் ஏறக் காத்திருந்தது.

இயற்பியல் சாரிடம் அனுமதி வாங்கி அந்த ஏழு போர்டுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஐந்து போர்டுகள் நன்றாக வேலை செய்கின்றன! ஒன்று பாதி உயிரோடு இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் உண்மையாகவே போய்விட்டது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. "செருகினேன், வரலை" என்பது "உடம்பு சரியில்லை" என்று சொல்வது மாதிரி. அது நோயின் பெயர் ஆகாது. எந்த இடத்தில் நின்றுபோனது என்று கம்ப்யூட்டரே நமக்குச் சொல்கிறது. அதைக் கவனிக்கத் தெரிந்தால் போதும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒயருக்குள் என்ன நடக்கிறது?

யூஎஸ்பி 1996 ஜனவரியில் வெளிவந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் கீபோர்டுக்கு ஒரு வாய், பிரிண்டருக்கு ஒரு வாய், மோடத்துக்கு ஒரு வாய் என்று கம்ப்யூட்டரின் முதுகு முழுக்க விதவிதமான ஓட்டைகள் இருக்கும். அதையெல்லாம் ஒன்றாக்க ஏழு கம்பெனிகள் சேர்ந்து உட்கார்ந்தன. இன்டெல் சார்பில் இந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் அஜய் பட். குஜராத்தில் வதோதராவில் படித்தவர், நம் நாட்டுக்காரர்!

சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு ஒயர் இருக்கும். சிவப்பு 5 வோல்ட். கறுப்பு கிரவுண்டு. வெள்ளையும் பச்சையும் தகவல் போகும் ஒயர்கள். அவற்றுக்கு டி மைனஸ், டி பிளஸ் என்று பெயர். (பக்கத்தில் வரைந்திருக்கிறேன், வண்ணத்தோடு பாருங்கள்.)

இப்போது ஒரு புது மாணவன் வகுப்புக்கு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கை தூக்குவான். டீச்சர், "யாருப்பா நீ?" என்று கேட்பார். அவன் பெயர் சொல்வான். ஒரு வரிசை எண் கொடுப்பார். பிறகு எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று காட்டுவார். யூஎஸ்பி-யும் அச்சு அசல் இதேதான்.

கம்ப்யூட்டர் தன் பக்கத்தில் இரண்டு தகவல் ஒயரையும் 15 கிலோ ஓம் மின்தடை வைத்து கிரவுண்டை நோக்கிக் கீழே இழுத்தே வைத்திருக்கும். செருகப்படும் கருவி 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்து, இரண்டில் ஒரு ஒயரை மட்டும் மேலே இழுக்கும். சின்ன மின்தடை என்பதால் அதுதான் ஜெயிக்கும். இதுதான் கை தூக்குவது! டி பிளஸ் மேலே போனால் "நான் விநாடிக்கு 1.2 கோடி பிட் வேகத்தில் பேசுவேன்" என்று அர்த்தம். டி மைனஸ் மேலே போனால் "நான் மெதுவாக, 15 லட்சம் பிட்தான்" என்று அர்த்தம். கை தூக்கியதைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் அதை ரீசெட் செய்து, "யார் நீ?" என்று கேட்கும். கருவி தன்னை யார் செய்தார், என்ன பொருள் என்ற இரண்டு எண்களைச் சொல்லும். 1 முதல் 127 வரை ஏதாவது ஒரு முகவரி அதற்குக் கிடைக்கும். அந்த எண்களை வைத்து அதற்கேற்ற டிரைவரைக் கம்ப்யூட்டர் தேடும். டிரைவர் கிடைத்தால் காம் 3, காம் 5 என்று ஒரு போர்ட் எண் வரும். நம் அர்டுயினோ மென்பொருளில் நாம் தேடுவது அந்த எண்ணைத்தான்.

ஆகவே "வரலை" என்று சொல்வதற்கு முன்னால், பேச்சு எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள். விண்டோசில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து வைத்துக்கொண்டு செருகுங்கள். காதையும் கொடுங்கள்! "டுடுங்" என்று சத்தமே வராவிட்டால், கை தூக்கவே இல்லை. சத்தம் வந்து "அடையாளம் தெரியாத சாதனம்" என்று காட்டினால், கை தூக்கியது, ஆனால் பெயர் சொல்லும்போது வார்த்தை குழறிவிட்டது. பெயர் சரியாக வந்து பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நின்றால், உட்காரப் பெஞ்சு இல்லை, அதாவது டிரைவர் இல்லை. காம் எண்ணே வந்துவிட்டதா? அப்படியானால் யூஎஸ்பி-யைத் திட்டாதீர்கள். அதன் வேலை முடிந்துவிட்டது. கோளாறு அதற்கு அப்புறம்தான் எங்கேயோ இருக்கிறது.

முதல் சந்தேகம் கேபிள் மேல்!

ஏழில் மூன்று போர்டுகளுக்கு நான் செய்த வைத்தியம் கேபிளை மாற்றியது மட்டும்தான். நம்பவே முடியவில்லை இல்லையா?

காரணம் இதுதான். டிரிம்மர், பவர் பேங்க், காதில் மாட்டும் ஹெட்செட் இவற்றோடு வரும் கேபிள்களில் பலவற்றில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருக்கும். சார்ஜ் ஏற்ற அது போதும் என்று வெள்ளை, பச்சை ஒயர்களை வைப்பதே இல்லை. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதை மாட்டினால் போர்டில் பவர் விளக்கு ஜம்மென்று எரியும். நாமும் "கரண்ட் வருது, ஆனா கம்ப்யூட்டர் எடுக்கலை, அப்ப போர்டுதான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். விளக்கு எரிய சிவப்பும் கறுப்பும் போதும். விளக்கு எரிவது தகவல் ஒயரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

கேபிளைச் சோதிப்பது சுலபம். போனுக்குப் பொருந்தும் கேபிள் என்றால் போனை அதில் மாட்டி, போனில் இருக்கும் போட்டோக்கள் கம்ப்யூட்டரில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நான்கு ஒயரும் சரி. நம் நானோ போர்டில் இருப்பது பழைய மினி வாய். அதற்கேற்ற போன் இப்போது யாரிடமும் இல்லை. அப்போது மாற்றிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சந்தேகக் கேபிளை ஓடுகிற போர்டில் மாட்டுங்கள். சந்தேக போர்டை ஓடுகிற கேபிளில் மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நம் ஆட்கள் கேபிளையும் மாற்றி, கம்ப்யூட்டரையும் மாற்றி, போர்டையும் மாற்றிவிட்டு "இப்ப வருதுடா!" என்று குதிக்கிறார்கள். எதனால் வந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

டைப் சி வாய் உள்ள புது போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. இரண்டு முனையிலும் டைப் சி உள்ள கேபிளில் மின்சாரம் வர வேண்டுமானால், போர்டில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்க வேண்டும். மலிவு போர்டுகள் சிலவற்றில் அதை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அந்த போர்டில் விளக்குகூட எரியாது! ஒரு முனை பழைய பெரிய வாயாக உள்ள கேபிளில் மாட்டினால் உடனே எரியும்.

மஞ்சள் முக்கோணம்

நான்காவது போர்டுக்கு டிரைவர்தான் பிரச்சினை. இதைப் புரிந்துகொள்ள, ஊனோ போர்டில் இரண்டு மூளை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எழுதும் புரோகிராம் ஓடுவது ஏடிமெகா328பி என்ற பெரிய சிப்பில். வேடிக்கை என்னவென்றால் அதற்கு யூஎஸ்பி மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது. சீரியல் என்னும் பழைய எளிய மொழி மட்டும்தான் தெரியும். அதனால் யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். அசல் ஊனோவில் அது ஏடிமெகா16யூ2 என்ற சின்ன சிப். நம் லேபில் உள்ள மலிவு போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 என்ற சீனச் சிப். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேலே எழுதியிருப்பது தெரியும்.

16யூ2-வுக்கான டிரைவர் அர்டுயினோ மென்பொருளோடு வந்துவிடும். சிஎச்340-க்கு, இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும். நம் லேப் கம்ப்யூட்டரில் நெட் கிடையாதே! சார் வீட்டிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்து போட்டார். முக்கோணம் மறைந்தது, காம் 4 வந்தது.

எஃப்டிடிஐ என்று இன்னொரு மொழிபெயர்ப்பாளர் சிப் உண்டு. அதன் கதை சுவையானது. அதைப் போலவே செய்த போலிச் சிப்கள் சந்தையில் நிறைய வந்துவிட்டன. 2014 அக்டோபரில் அந்தக் கம்பெனியின் புது டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. போலிச் சிப்பைக் கண்டால் அதன் பொருள் எண்ணைப் பூச்சியம் என்று மாற்றி எழுதிவிட்டது! பெயரே அழிந்துபோனவனை எந்த வகுப்பில் சேர்ப்பது? உலகம் முழுக்க ஒரே நாளில் நிறைய போர்டுகள் "செத்துப்போயின". போலி என்று தெரியாமலே வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், கம்பெனி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. போலி செய்தவனை விட்டுவிட்டு வாங்கியவனைத் தண்டித்தது சரியா என்பது பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு. நமக்கு இதில் வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அந்த போர்டுகளின் உடம்பு அப்படியேதான் இருந்தது. எண்ணைத் திருத்தி எழுதியவர்களுக்கு அவை மறுபடி வேலை செய்தன.

நம்மில் பல பேர் வீட்டில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கும். அதில் லினக்ஸும் இருக்கலாம். லினக்ஸில் சிஎச்340 டிரைவர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் "அனுமதி இல்லை" என்று வரும். அப்போது உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். உபுண்டு 22.04-இல் இன்னொரு வேடிக்கை உண்டு. பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் கருவிக்கான புரோகிராம் ஒன்று அதில் இருக்கிறது. அப்படி ஒரு கருவியின் எண்ணும் சிஎச்340-இன் எண்ணும் ஒன்றே! அதனால் நம் போர்டைச் செருகியதும் "ஆகா, பிரெய்ல் கருவி வந்துவிட்டது" என்று அது பிடித்துக்கொள்ளும். போர்ட் வந்த வேகத்தில் காணாமல் போகும். அந்தப் புரோகிராமை நீக்கினால் சரியாகிவிடும். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்வையற்றவர் யாரும் பயன்படுத்தவில்லை என்று கேட்டுக்கொண்டு நீக்குங்கள்.

காம் எண் வந்தாச்சு, அப்லோடு ஆகலை!

ஐந்தாவது போர்டு ஒரு நானோ. எல்லாம் சரி, காம் எண்ணும் வருகிறது, அப்லோடு கொடுத்தால் மட்டும் 'நாட் இன் சிங்க்' என்று சிவப்பு எழுத்தில் பத்து வரி வருகிறது. இந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத்தான் நிறைய பேர் பயந்துவிடுகிறார்கள். அதற்கு அர்த்தம் "நான் கூப்பிட்டேன், அந்தப் பக்கம் சரியான பதில் இல்லை" என்பதுதான்.

அப்லோடு எப்படி நடக்கிறது என்றால், மென்பொருள் போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் என்ற ஒரு கம்பி கீழே இறங்கும். அது 100 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றின் வழியாகப் பெரிய சிப்பின் ரீசெட்டை ஒரு கணம் தட்டும். சிப் விழித்ததும் முதலில் ஓடுவது பூட்லோடர் என்ற குட்டிப் புரோகிராம். "புதுப் புரோகிராம் ஏதாவது வருகிறதா?" என்று அது கொஞ்ச நேரம் காத்திருக்கும், வராவிட்டால் பழையதை ஓட்டப் போய்விடும். இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இருவரும் ஒரே வேகத்தில் பேசியாக வேண்டும். நானோக்களில் பழைய பூட்லோடர் 57,600 வேகத்தில் பேசும், புதியது 1,15,200. மென்பொருள் புது வேகத்தில் கூப்பிட, போர்டு பழைய வேகத்தில் காது கொடுக்க, எப்படி விளங்கும்? 'டூல்ஸ்' பட்டியலில் புராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்று மாற்றினேன். ஐந்தாவது போர்டும் எழுந்துவிட்டது!

பாதி நேரம் காரணம் இதைவிடச் சின்னதாக இருக்கும். போர்டின் 0, 1 என்ற இரண்டு பின்களும் மொழிபெயர்ப்பாளரோடு பேசும் அதே கம்பிகள்தான். ஒன்பதாம் வகுப்பு அண்ணன்கள் ப்ளூடூத் கார் செய்தார்களே, அதில் ப்ளூடூத் மாட்யூலை அந்த இரண்டிலும் மாட்டியிருந்தார்கள். ஒரே லைனில் இரண்டு பேர் பேசினால் ராங் நம்பர்தான். அப்லோடு செய்யும்போது அந்த ஒயர்களைக் கழற்றிவிட்டு, முடிந்ததும் மாட்டினால் போதும். அதேபோல், ஒரு புரோகிராம் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் விண்டோஸ் இன்னொன்றுக்கு அதைக் கொடுக்காது. பின்னால் எங்காவது இன்னொரு சீரியல் மானிட்டர் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரில் பெட்டி பெட்டியாகக் கன்னாபின்னா எழுத்து வந்தால் புரோகிராமில் எழுதிய வேகமும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த வேகமும் வேறு வேறு என்று பொருள். 9600 என்றால் இரண்டிலும் 9600.

இவ்வளவுக்கும் மசியவில்லையா? அப்போது கோளாறு மொழிபெயர்ப்பாளரிடமா, பெரிய சிப்பிடமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டே ஜம்பர் ஒயர் போதும்! ஒன்றை ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் போடுங்கள். பெரிய சிப் தூங்கிவிடும். இன்னொன்றை 0, 1 இரண்டு பின்களுக்கும் இடையில் போடுங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து 12345 என்று அடித்து அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் அனுப்பியது அவரிடமே திரும்பி வரும். மலையடிவாரத்தில் நின்று கத்தினால் எதிரொலி வருகிற மாதிரி! 12345 மானிட்டரில் திரும்ப வந்துவிட்டால் கேபிள், யூஎஸ்பி வாய், மொழிபெயர்ப்பாளர், டிரைவர் எல்லாமே சரி. பெரிய சிப்பையோ அதன் பூட்லோடரையோதான் பார்க்க வேண்டும். பூட்லோடர் அழிந்திருந்தால் இன்னொரு ஊனோவையே எழுதும் கருவியாக வைத்து மறுபடி எழுதிவிடலாம்.

ஆறாவது போர்டில் விளக்கு எரிந்தது; நல்ல கேபிளிலும், மூன்று கம்ப்யூட்டரிலும் சத்தமே வரவில்லை. அதன் மொழிபெயர்ப்பாளர் சிப் போய்விட்டது. ஆனால் இது பெரிய சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் வகை ஊனோ. ஸ்க்ரூடிரைவரால் இரு பக்கமும் மெதுவாக நெம்பி சிப்பைக் கழற்றி, ஓடுகிற ஊனோவில் வைத்துப் புரோகிராமை ஏற்றி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்தேன். சிப்பின் ஒரு முனையில் இருக்கும் அரைவட்டப் பள்ளம் சாக்கெட்டில் உள்ள பள்ளத்தோடு சேர வேண்டும். திருப்பி வைத்தால் சிப் காலி! 9 வோல்ட் அடாப்டரை உருண்டை வாயில் கொடுத்ததும் விளக்கைச் சிமிட்டும் புரோகிராம் ஓடியது. புரோகிராம் ஏறிய பிறகு யூஎஸ்பி எதற்கு? அந்தத் தங்கைகளின் தொட்டி மணிக்கு இதுவே தாராளம். (ஆனால் அவர்களுக்கு நல்ல போர்டே கொடுத்தாகிவிட்டது. இது சத்துணவுக் கூடத் தொட்டிக்கு என்று சார் எடுத்து வைத்திருக்கிறார்.)

ஏழாவதைச் செருகியதும் கம்ப்யூட்டர் "இந்த போர்ட்டில் மின்சாரம் அதிகமாகப் போகிறது" என்று எச்சரித்தது. பெரிய சிப்பைத் தொட்டால் சுட்டது. உடனே பிடுங்கினேன். 5 வோல்ட் பின்னில் அதைவிட அதிக வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். தொட்டால் சுடுகிற போர்டை மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள், கம்ப்யூட்டர் போர்ட்டுக்கும் நல்லதில்லை.

ஒரே மூளை உள்ளவை

லியோனார்டோ, புரோ மைக்ரோ போர்டுகளில் ஏடிமெகா32யூ4 என்ற ஒரே சிப்தான். அதுவே யூஎஸ்பி-யும் பேசும், நம் புரோகிராமையும் ஓட்டும். இதில் ஒரு வில்லங்கம்: நம் புரோகிராம் எங்காவது மாட்டிக்கொண்டு நின்றால் யூஎஸ்பி-யும் கூடவே நின்றுவிடும். போர்ட் பட்டியலில் பெயரே இருக்காது. செத்துப்போன போர்டு மாதிரியே தோன்றும்! ரீசெட் தட்டினால் அதன் பூட்லோடர் சுமார் 8 விநாடி விழித்திருக்கும். திரையில் 'அப்லோடிங்' என்று வந்ததும் ரீசெட்டைத் தட்டி, அந்த 8 விநாடிக்குள் சரியான புரோகிராமை ஏற்றிவிட வேண்டும். முதல் தடவையே அமையாது, மூன்று நான்கு தடவை முயலுங்கள்.

நகத்தளவு டிஜிஸ்பார்க் போர்டில் உள்ள ஏடிடைனி85 சிப்புக்கு யூஎஸ்பி உறுப்பே கிடையாது. மென்பொருளாலேயே இரண்டு கால்களை ஆட்டி ஆட்டி யூஎஸ்பி பேசுவது போல நடிக்கிறது. மெதுவான வேகத்தில்தான் பேச முடியும். அந்த வேகத்துக்கு கடிகாரம் 1.5 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்று யூஎஸ்பி விதி இடம் தருகிறது. அந்தச் சலுகையை வைத்துத்தான் படிகம் இல்லாமலே, சிப்புக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு அது பிழைக்கிறது. அதனால் நீல வாய் உள்ள யூஎஸ்பி 3 போர்ட்களில் சில நேரம் அடம்பிடிக்கும். நடுவில் ஒரு சாதாரண யூஎஸ்பி 2 ஹப் மாட்டினால் வந்துவிடும். அந்த இரண்டு கால்களிலும் (3, 4) வேறு எதையாவது மாட்டிவிட்டு "யூஎஸ்பி வரலை" என்று அழக்கூடாது!

வேலை செய்துகொண்டே இருக்கும்போது போய்விடுகிறதா?

இது கடைசி வகை, கண்காட்சி அன்று காலை வாரிவிடும் வகையும் இதுதான். எல்லாம் ஓடும், மோட்டார் சுழன்றதும் "டுடுங்" என்று போர்ட் காணாமல் போகும். யூஎஸ்பி 2 போர்ட் கொடுப்பது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். ஒரு சின்ன சர்வோ மோட்டார் முக்கி இழுக்கும்போதே சில நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். இரண்டு சர்வோ ஒன்றாகக் கேட்டால்? பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். மெல்லிய, நீளமான கேபிளின் மின்தடை போகவர 1 ஓம் என்று வையுங்கள். 0.5 ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே 0.5 வோல்ட் தொலைந்துவிடும். 5 வோல்ட் கிளம்பி 4.5 வோல்ட் வந்து சேரும். சர்வோ உதறும் கணத்தில் இன்னும் கீழே போகும், சிப் ரீசெட் ஆகும். மல்டிமீட்டரை 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் வைத்துக்கொண்டே மோட்டாரை ஓட்டுங்கள். எண் சறுக்குவது கண்ணுக்கே தெரியும். ஊனோவில் 500 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தானே அறுத்துக்கொள்ளும் ஃபியூஸ் ஒன்றும் இருக்கிறது. அது ஆறினால் தானே சரியாகும். "அஞ்சு நிமிஷம் கழிச்சு தானா வந்துடுச்சு" என்று சொல்கிறவர்களின் கதை அதுதான்.

சர்வோவுக்குத் தனியாக நான்கு ஏஏ பேட்டரி கொடுங்கள். பேட்டரியின் மைனஸையும் போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் ஒன்றாக இணையுங்கள். இணைக்காவிட்டால் போர்டு அனுப்பும் சைகை சர்வோவுக்குப் புரியாது. பேட்டரியின் பிளஸ் போர்டின் 5 வோல்ட் பின்னுக்குப் போகக்கூடாது.

சோதித்துச் சரி என்று தெரிந்த கேபிள்களுக்குப் பச்சை நூல் கட்டி, லேப் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். மினி வாய் இரண்டு, சதுர வாய் மூன்று. எடுப்பவர்கள் பக்கத்தில் தொங்கும் நோட்டில் பெயரும் வகுப்பும் எழுதிவிட்டு எடுங்கள். போன் சார்ஜ் போட யாரும் எடுக்காதீர்கள், ப்ளீஸ்!